மருந்து குடிக்காத எலிகள்

எல்லா எலிக்கும் வயிற்றுப்புண். மூன்று கூண்டுக்கு மருந்து, மூன்று கூண்டுக்கு வெறும் தண்ணீர். இரண்டு வாரம் கழித்துக் குட்டிக் கேமராவை விட்டுப் பார்த்தால், ஆறு கூண்டிலும் புண் ஆறியிருந்தது. ஆராய்ச்சிக்காரிக்குத்தான் வயிறு எரிந்தது.

மூன்று வருஷமாக ஒரே பாட்டைப் பாடியவள் அவள். மற்றவர்கள் அதிமதுர வேரை ரசாயனத்தில் ஊறவைத்து, கழிவைச் சாக்கடைக்கு அனுப்புவார்கள். இவள் வெறும் தண்ணீரில் போட்டு, ஒலி அலையால் குலுக்கியே புண்ணாற்றும் சாரத்தை எடுத்துவிடுவாள். "கடைசிச் சொட்டு வரைக்கும் எடுத்தாச்சு, மிச்சம் வெறும் சக்கை" என்று சொல்லும்போது முகத்தில் கல்யாணக்களை வந்துவிடும். மருந்து குடித்த எலிக்கும் குடிக்காத எலிக்கும் வித்தியாசம் காட்டாவிட்டால், தண்ணீர் முறையை மூட்டை கட்டிவிடுவதாக ஆராய்ச்சிக்கூட இயக்குநர் சொல்லியிருந்தார்.

நேரே எலி அறைக்குப் போனாள். கூண்டு கழுவும் பெண்மணிக்கு அங்கே எலியக்கா என்றுதான் பெயர்.

"அக்கா, தண்ணி எலிங்களுக்கு வேற என்ன குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கலையே." எலியக்கா பொய் சொன்னால் காது சிவந்துவிடும். சிவந்தது.

"அக்கா!"

"பாவம் டாக்டரம்மா, அதுங்களுக்கும்தானே வலிக்குது? ஓரவஞ்சனை பண்ண மனசு வரல. மருந்தத் தொடல, சத்தியமா. நீங்க கொட்டச் சொன்ன சக்கையத்தான் தீனியில கலந்தேன். அதுல ஒண்ணுமில்லன்னு நீங்கதானே சொன்னீங்க?"

வாய் வரை வந்த திட்டு அப்படியே நின்றது. மிச்சச் சக்கையை வாரிக்கொண்டு ஓடிப்போய்ச் சோதித்தாள். பாதி மருந்து அதிலேயே சட்டமாக உட்கார்ந்திருந்தது. மூன்று வருஷப் பெருமையை எலிகள் தின்று ஏப்பம் விட்டிருந்தன.

"தண்ணி எலிக்கு எப்படி ஆறுச்சு?" என்று கேட்டார் இயக்குநர். எலியக்கா கதவோரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். 'அக்கா எதையோ கலந்துட்டாங்க' என்று சொன்னால் போதும். எலியக்காவின் வேலை போகும், சக்கைப் பேச்சே வராது. அந்த ஆசை ஆராய்ச்சிக்காரிக்கு வரத்தான் செய்தது.

"சக்கையில ஒண்ணுமில்லன்னு நான் சொன்னேன் சார், அவங்க நம்பிக் கலந்துட்டாங்க. என் முறை பாதி மருந்த வேருலயே விட்டுடுது. தப்பு என்னோடதுதான்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரிபண்ண எவ்வளவு நாளாகும்?"

"ரெண்டு மாசம்."

"ஒரு மாசம். சக்கையப் பூட்டி வைங்க."

வெளியே வந்ததும் எலியக்கா கேட்டாள். "அடுத்த தடவையும் பாதிக்கு வெறும் தண்ணிதானா?"

"ஆமாக்கா."

"அப்ப அந்தப் பக்கத்த நீங்களே பாத்துக்கோங்க."

அடுத்த மாதம் ஆராய்ச்சிக்காரியே தண்ணீர் வைக்கப் போனாள். மூன்றாவது கூண்டில் ஒரு எலி கம்பியைப் பிடித்து எழுந்து நின்று அவளையே பார்த்தது. அவளுக்கும் மனசு கேட்கவில்லை. "மன்னிச்சுக்கோடா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைத்தான் வைத்தாள்.