விடுபட்ட தேதியும் வுப்போவின் படகும்

எனக்கு டிசைனர்களைக் கண்டாலே ஆகாது. முப்பது வருடமாக இந்த ஆற்றங்கரை ஊரில் அச்சகம் நடத்துகிறேன். "இந்த நீலம் இன்னும் கொஞ்சம் சந்தோஷமா இருக்கணும், ஹார்மன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். சந்தோஷமான நீலத்தை நான் எந்த டப்பாவில் போய்த் தேடுவது?

யோரிண்டா மட்டும் வேறு ரகம். அக்கரையில் ஒரு சின்ன வீட்டில் ஒன்பது வயது மகள் யுட்டாவோடு இருக்கிறாள். எந்தக் கம்பெனியிலும் இல்லை, வருகிற வேலையைத் தனியாக எடுத்துச் செய்கிறாள். சைக்கிள் கடைக்காரனுக்கு அவள் போட்டுக்கொடுத்த இணையதளத்தைத் திறந்தால் "திறந்திருக்கு" அல்லது "மூடியிருக்கு" என்று பெரிய எழுத்தில் வரும், கீழே தொலைபேசி எண், அவ்வளவுதான். நமக்கு வேண்டியது அதுதானே. அஸ்பாரகஸ் என்கிற தண்ணீர்விட்டான் தண்டு விற்கும் பண்ணைக்காரிக்குக் காகிதப் பை செய்தபோது, அதைத் தோல் சீவும் விதத்தைப் பையின் பின்பக்கத்தில் வரைந்துவிட்டாள். நகரத்துக்காரர்கள் சாப்பாட்டு நேரத்தில் ஃபோன் பண்ணிச் சந்தேகம் கேட்பது அதோடு நின்றது. தேவாலயப் பாடகர் குழுவின் சுவரொட்டியில் இசைக்குறி ஒன்றுகூடக் கிடையாது, திறந்த வாய்கள் மட்டும்தான். அதில் தன் பல்லைப் பார்த்த பிறகுதான் குழுவின் கட்டைக்குரல்காரர் பல் டாக்டரிடம் போனார். இப்படிப்பட்டவளை எனக்குப் பிடிக்காமல் எப்படி இருக்கும்?

இலையுதிர் காலத்தில் படகுப் பிரச்சினை வந்தது. சைக்கிள்களையும் ஆட்களையும் அக்கரைக்கு ஏற்றிப்போகும் மோட்டார் படகு அது. அதில் எப்போதும் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பது சட்டம். சுக்கான் பிடிப்பவன் வுப்போ, சரக்குப் படகிலிருந்து ஓய்வு பெற்றவன், சம்பளம் வாங்காமலே ஓட்டுகிறான். ஓட்டுவதற்கான சான்றிதழ் இந்த ஊரில் அவன் ஒருவனிடம்தான் இருக்கிறது. கரை சேரும்போது கயிறு போடும் இன்னோர் ஆளுக்கு ஊராட்சி சம்பளம் கொடுத்துவந்தது. புத்தாண்டிலிருந்து அது கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

யோரிண்டா என் அச்சகத்துக்கு வந்து உட்கார்ந்தாள். "எனக்குக் கார் இல்ல, ஹார்மன். படகு நின்னா யுட்டா தூரத்துல இருக்குற பாலத்தைச் சுத்திக்கிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகணும். இந்தக் குளிர்ல அவளால முடியாது. வீட்டை வித்துட்டு வேற ஊருக்குத்தான் போகணும்."

"என்ன பண்ணப் போற?"

"நம்மூர்ல பொறந்தநாள்னா, பொறந்தவங்கதானே கேக் வாங்கி எல்லாருக்கும் குடுக்குறோம்? இந்தத் தடவை கேக்குக்குப் பதிலா ஒரு நாள் கயிறு பிடிங்கன்னு கேக்கப் போறேன்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஒரு வாரத்தில் இணையதளம் தயார். வருடத்தின் எல்லாத் தேதியும் சின்னச் சின்னக் கட்டங்களாக இருந்தன. உங்கள் பிறந்தநாளைத் தொட்டுப் பெயரைப் போட்டால் கட்டம் ஆற்றின் நிறத்துக்கு மாறும். முதலில் பேக்கரிக்காரி போட்டாள், பிறகு மருந்துக்கடைக்காரர், அதன்பின் ஊரே விழுந்தடித்துக்கொண்டு போட்டது. காலியாகக் கிடந்த நாட்களுக்கு, இறந்துபோன அப்பாவின் பிறந்தநாள், அம்மாவின் பிறந்தநாள் என்று சொல்லிக்கொண்டு சிலர் வந்தார்கள். ஊராட்சித் தலைவி தன் பிறந்தநாளைப் போட்ட அன்று எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது.

அந்தப் பெயர்களை வைத்தே பிறந்தநாள் காலண்டர் அச்சடித்தோம். எங்கள் ஊர் வீடுகளில் கழிவறைக் கதவின் உள்பக்கம் தொங்குமே, எந்த வருடத்துக்கும் ஆகும்படி கிழமை இல்லாமல் தேதி மட்டும் போட்டது, அதுதான். அங்கே மாட்டினால்தான் எவரும் மறக்க மாட்டார்கள் என்றாள் யோரிண்டா. அழகென்றால் அப்படி ஓர் அழகு. பன்னிரண்டு பக்கத்திலும் ஆறு ஓடுகிறது, ஜனவரியில் கருத்து, ஜூலையில் வெளுத்து. என் கையால் எத்தனையோ அச்சடித்திருக்கிறேன், இதைப்போல ஒன்றை அடித்ததில்லை. டிசம்பர் தொடக்கத்தில் இரண்டு கரையிலும் வீட்டுக்கு ஒன்று போட்டுவிட்டு வந்தோம்.

மறுநாள் வுப்போ அச்சகத்துக்கு வந்தான். யோரிண்டாவும் அங்கேதான் இருந்தாள்.

"பிப்ரவரிய எடு," என்றான்.

"எதுக்கு?"

"எடுய்யா."

எடுத்தேன். மேசைமேல் விரித்தான். "இருபத்தெட்டு இருக்கு. திருப்பினா மார்ச் ஒண்ணு. நான் எங்கடா?"

வுப்போ பிறந்தது பிப்ரவரி இருபத்தொன்பது. கடைகளில் விற்கும் எந்தப் பிறந்தநாள் காலண்டரிலும் அந்தத் தேதிக்கு ஒரு கோடு இருக்கும். எங்களுடையதில் இல்லை. நிறம் பார்த்தேன், ஓரம் பார்த்தேன், இதை நான் பார்க்கவில்லை.

யோரிண்டாவின் முகம் வெளுத்துவிட்டது. "இணையதளத்தை வர்ற வருஷத்துக்குன்னு செஞ்சேன். வர்ற வருஷத்துல இருபத்தொன்பது இல்ல. அதையே அப்படியே அச்சுக்கும் எடுத்துட்டேன். தப்பு என்னோடதுதான், வுப்போ."

"சின்ன வயசுல இருந்தே இப்படித்தாம்மா. பாதிப்பேர் இருபத்தெட்டும்பான், பாதிப்பேர் மார்ச் ஒண்ணும்பான். கடைசில எல்லாரும் மறந்துடுவாங்க. கக்கூஸ் காலண்டர்லயாவது எனக்குன்னு ஒரு கோடு இருந்துச்சு. நீ அதையும் எடுத்துட்ட. ஊர்லயே இல்லாதவன் எப்படிப் படகு ஓட்டுவான்?"

தக்கை கட்டிய படகுச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அன்று மதியமே படகு நின்றது. யோரிண்டா பாலத்தைச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனாள்.

அடுத்த நாள் நனைந்துகொண்டு வந்தவளிடம், "ஆப்பிள் கேக் ஒண்ணு எடுத்துட்டுப் போய் மன்னிப்புக் கேளு, கிழவன் இளகிடுவான்," என்றேன்.

"மன்னிப்புக் கேட்டா எம்மூஞ்சிக்காக மன்னிச்சிடுவார். காலண்டர் அப்படியேதானே இருக்கும்?"

பிப்ரவரிப் பக்கத்தின் அடியில் ஒரு கோட்டுக்கு இடம் இருந்தது. அந்த அளவுக்கு ஒரு துண்டு வரைந்தாள், அதே எழுத்து, அதே மை. பசைத்தாளில் அடித்து நறுக்கிக் கொடுத்தேன். அதை வீடுகளுக்குக் கொடுத்தனுப்பினால் எவனும் ஒட்டமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். தானே வீடு வீடாகப் போனாள். கதவைத் தட்டுவாள், "உங்க டாய்லெட்டைக் கொஞ்சம் பாக்கணும்" என்பாள், துண்டை ஒட்டுவாள், பேனாவை வீட்டுக்காரர் கையில் கொடுப்பாள். வுப்போவின் பெயரை மட்டும் அவர்கள்தான் எழுத வேண்டும். இக்கரையை முடித்து, மழையில் பாலத்தைச் சுற்றிப்போய் அக்கரையையும் முடித்தாள். எத்தனை வீட்டில் ஒரு காபியும் ஒரே ஒரு பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பினார்களோ, பாவம். வுப்போவின் வீட்டுக் கதவை மட்டும் அவள் தட்டவில்லை. இணையதளத்திலும் இருபத்தெட்டுக்கும் மார்ச்சுக்கும் நடுவில் ஒரு புதுக் கட்டம் வந்தது, ஆற்றின் நிறத்தில்.

யார் போய்ச் சொன்னார்களோ, சனிக்கிழமை காலை வுப்போ என் கடைக்குள் நுழைந்தான்.

"டாய்லெட் எங்க இருக்கு?"

"முப்பது வருஷமா அதே இடத்துலதான்."

போனான். வெகுநேரம் வரவில்லை. தண்ணீர் விடும் சத்தமும் இல்லை. வந்தான், என்னைப் பார்க்காமல் வெளியே போனான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பேக்கரிக்குள் போனான். அங்கிருந்து மருந்துக்கடை. அங்கிருந்து மாட்டு டாக்டர் வீடு.

மருந்துக்கடைக்காரர் எனக்கு ஃபோன் செய்தார். "ஹார்மன், உன் சிநேகிதனுக்கு உடம்புக்கு ஏதோ ஆயிடுச்சு. தெருவுல ஒரு டாய்லெட் விடாமப் போறான். டாக்டரைக் கூப்பிடட்டுமா?"

"வேணாம். அவன் உடம்புக்கு ஒண்ணும் இல்ல," என்றேன்.

மதியத்துக்கு மேல் திரும்பி வந்தான். யோரிண்டா அடுத்த வேலையின் நிறம் பார்க்க வந்திருந்தாள். அவளைக் கண்டுகொள்ளாமல் என்னிடம் கையை நீட்டினான்.

"சாவியக் குடு."

"எதுக்குடா?"

"அக்கரையில இன்னும் பத்துப் பதினஞ்சு வீடு இருக்கு."

நான் சாவியைக் கொடுத்தேன். வாசல்வரை போனவன் நின்றான்.

"படகு நின்னதும் கயிறு போடுறவன் வீட்டுக்குப் போயிட்டான். ஆள் வேணுமே."

"நான் வர்றேன்," என்று யோரிண்டா கோட்டை எடுத்தாள்.

அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தான். "மாட்டு டாக்டர் வீட்டுல கோணலா ஒட்டியிருக்க, பொண்ணே."

"திங்கக்கிழமை வந்து சரி பண்ணிடுறேன்."

"திங்கக்கிழமை முதல் படகு எட்டு மணிக்கு. உன் மகளை லேட் பண்ணாம வரச்சொல்லு."