ஐந்து தொலைபேசிக்கு ஒரு ஸலாம்

மருதமுனையில் அப்துல் கபூர் ஹாஜியாரின் நெசவுசாலையில் பன்னிரண்டு ஆண்டுகள் தறிக்குழியில் கால் வைத்திருந்த றவூப், எண்பத்தாறாம் ஆண்டில் திடீரென்று கொம்பியூட்டர் படிக்கத் தொடங்கினான். கொம்பியூட்டரை அவன் கண்ணால் கண்டதில்லை. கொழும்பிலிருந்து தபாலில் பாடங்கள் வந்தன: ஒரு வியாபாரத்தின் கொம்பியூட்டர்களைக் கம்பியால் எப்படி இணைப்பது, எது எப்போது பேசுவது என்று.

“அறுந்த நூலச் சேர்க்க அரை மணித்தியாலம் எடுக்கிறவன், கொம்பியூட்டரச் சேர்க்கப் போறானாம்!” என்று தறிக்காரர்கள் சிரித்தார்கள்.

ஹாஜியார் சிரிக்கவில்லை. சவளக்கடையில் அவருக்குப் புது நெல் ஆலை எழும்பிக்கொண்டிருந்தது.

“கொம்பியூட்டர் வாற நேரம் வரட்டும். இப்ப கடை, நூல் களஞ்சியம், சாயக் கொட்டில், தறிச்சாலை, ஊடு, அஞ்சுக்கும் டெலிபோன் இழுத்துக் காட்டு. வியாழக்கிழம கண்டியிலிருந்து சாரன் வாங்க ஆள் வாரார். சரிவந்தா ஆலை வேலையும் உனக்குத்தான். சரிவராட்டி தறிக்குப் போ.”

முதற் பாடம் றவூபுக்குப் பிடித்துப்போயிற்று. ஒரே கம்பி, ஐந்து பேரும் அதிலே. பேசுமுன் கம்பி சும்மா இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இரண்டு பேர் ஒன்றாகப் பேசிவிட்டால் இருவரும் நிறுத்தி, சற்றுப் பொறுத்து மறுபடி பேச வேண்டும். இதை எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தான். கம்பியும் மிச்சம்.

வியாழன் வந்தது. கடைக்கு வந்த கண்டிக்காரர், இடுப்பில் கட்டும் சாரனில் பச்சைக் கரை ஐம்பது கேட்டார். ஹாஜியார் பெருமையோடு தொலைபேசியை எடுத்தார்.

“அஸ்ஸலாமு அலைக்கும்.”

மூன்று வாய்கள் ஒன்றாகப் பதில் சொல்ல, கம்பியில் இரைச்சல்தான் மிஞ்சியது. ஸலாத்துக்குப் பதில் சொல்வது கடமை, சபையில் ஒருவர் சொன்னால் போதும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மற்றவர் சொன்னாரா என்று கம்பியில் எப்படித் தெரியும்? றவூப் படிப்பித்தபடி மூவரும் நிறுத்தினார்கள், பொறுத்தார்கள், மறுபடி ஒன்றாகவே சொன்னார்கள். அது அடங்கும் நேரம், சாயக் கொட்டிலில் கை கழுவிவிட்டு வந்த சாயக்காரர் முகைதீன்பாவா தன் தொலைபேசியை எடுத்து, புதிதாக ஒரு ஸலாம் சொன்னார். எல்லாம் முதலிலிருந்து தொடங்கியது. பக்கத்திலிருந்த கண்டிக்காரரும் காதில் விழுந்த ஸலாத்தை விட்டுவிட மனமில்லாமல் குனிந்து பதில் சொன்னார்.

“பச்சைக் கரை...” என்றார் ஹாஜியார்.

“ராத்தா, நீங்க முதல்ல கதைங்க,” என்றாள் களஞ்சியத்து றாஹிலா.

“இல்ல புள்ள, நீ கதை,” என்றார் வீட்டிலிருந்து ஹாஜியாரின் மனைவி சபூறா.

ஹாஜியார் தொலைபேசியை அடித்து வைத்தார். “அந்த முகைதீன்பாவாட வாயக் கட்டு! இனி டெலிபோன்ல ஸலாம் வேணாம்!”

அதையே போய் எல்லோரிடமும் சொல்லியிருந்தால் றவூப் அந்த நிமிடமே தப்பியிருப்பான். ஆனால் முகைதீன்பாவா, கழுவியும் போகாத நீலம் முழங்கை வரை தெரிய, ஓடி வந்து நின்றார்.

“என்னாலயா மனே கெட்டுப் போச்சி?”

“இல்ல காக்கா, நான் கம்பி இழுத்த முறைதான் பிழ,” என்றான் றவூப் அந்த மூத்தவரிடம், எல்லோர் முன்னிலும். “ஸலாத்த நிப்பாட்டச் சொல்ல எனக்கு வாய் வராது ஹாஜியார். அஸர் தொழுக வரைக்கும் நேரம் தாங்க.”

“பாங்கு சொல்ல முந்தி முடி. இல்லாட்டி மறுகா தறிதான்.”

கண்டிக்காரரைச் சபூறாவின் பகற்சோறு பிடித்து வைத்தது. றவூப் இரண்டாம் பாடத்தைப் புரட்டினான். ஒவ்வொரு இடத்துக்கும் தனிக்கம்பி. எல்லாம் நடுவில் ஓரிடத்தில் வந்து முடிய வேண்டும். அங்கிருப்பவர், வேண்டிய இருவரை மட்டும் இணைப்பார். கம்பி கூடப் போகுமென்று அவன் தாண்டிப் போன பாடம் அது. சிரித்த தறிக்காரர்களே இப்போது தென்னையில் ஏறிக் கம்பி இழுத்தார்கள்.

நடுவில் யார் இருப்பது? சாயத் தொட்டியருகே நின்று நின்று கால் வீங்கிய முகைதீன்பாவாவுக்குத்தான் றவூப் கதிரையைப் போட்டான்.

“எல்லார்ட ஸலாத்துக்கும் நீங்க பதில் சொல்லுங்க காக்கா. மறுகா, அவங்க கேட்ட ஆள்ர கம்பியக் கொழுவி உடுங்க.”

அஸருக்குச் சற்று முன் ஹாஜியார் தொலைபேசியை எடுத்தார்.

“அஸ்ஸலாமு அலைக்கும்.”

“வ அலைக்குமுஸ்ஸலாம் வரஹ்மத்துல்லாஹி வபரக்காத்துஹு.” ஒரே குரல், ஓரெழுத்துக் குறையாமல். “ஆரோட கதைக்கணும் ஹாஜியார்?”

“களஞ்சியம்... றாஹிலா, பச்சைக் கரை அம்பது இரிக்கா?”

“ஓம், இரிக்கி. இப்ப அனுப்புறன்.”

கண்டிக்காரர் வாயைத் திறந்தபடி பார்த்தார். ஹாஜியார் வைத்துவிட்டு, உடனே மறுபடி எடுத்தார். மறுபடி ஸலாம், மறுபடி பதில்.

“ஆரோட ஹாஜியார்?”

“உங்களோடதான். கால் வீக்கம் எப்பிடி இரிக்கி?”

பதிலைக் கேட்டு முடித்துத்தான் றவூபின் பக்கம் திரும்பினார். “ஆலைக்கு எத்தின டெலிபோன் வேணும்?”

“ஏழு, ஹாஜியார். அதுக்கு முதல், நடுவுல இரிக்க நல்ல மனிசன் ஒருத்தர் வேணும்.”