தட்டியில் விடுபட்ட பேர்

விடியும் முன்பே எங்கள் சலவை ஆலையில் நீராவி ஏறிவிடும். ஆஸ்பத்திரிப் போர்வைகளைக் கொதிதொட்டியிலிருந்து கோலால் தூக்கிப் பிழிவதற்குள் கைத்தோல் சுருங்கிப்போகும். தாடியோடு உள்ளே போன ஒருவர் மழமழவென்று வெளியே வந்ததை நானே பார்த்திருக்கிறேன். என் மீசையும் அன்றுதான் போனது.

கொதிதொட்டிக்குப் பொறுப்பு சங்கு. வால்வைத் திறக்கும் முன் அவள் கொடுக்கும் குரலுக்கு நாங்கள் வைத்த பேர் அது. அந்தக் குரலுக்குப் பக்கத்துத் தெருக் கோழிகள் முட்டையைப் பாதியில் நிறுத்திக்கொள்ளும்.

ஒரு நாள் மேனேஜர் அவளைத் துணிக்கிடங்கில் வைத்துக் கதவைச் சாத்தினான். இதில் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை. வெளியே வந்தவள் நடந்ததை எங்கள் எல்லோரிடமும் சொன்னாள், குரலைத் தாழ்த்தாமல்.

அதற்குப் பிறகு யாரும் அவளைச் சங்கு என்று கூப்பிடவில்லை. 'பாவம், அந்தப் பொண்ணு' என்றார்கள். என்னோடு துணி பிழியும் அக்கா 'கெட்டுப்போனவ' என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு 'பாதிக்கப்பட்டவ' என்று திருத்தினாள். தொழிற்சங்கக் கூட்டத்தில் பேச வந்த ஒரு அம்மா 'மீண்டெழுந்தவர்' என்று சொல்லச் சொன்னார். நல்ல மனசுக்காரர். சங்கு மரியாதையாகவே பதில் சொன்னாள்: "எனக்கு இன்னும் தூக்கமே வரலைங்க. மீண்டதும் நானே வந்து சொல்றேன்."

சங்கச் செயலாளர் எங்களுக்கெல்லாம் அண்ணன்; அவளுக்கு நிஜமாகவே பெரியப்பா மகன். வேலைநிறுத்தம் என்று அறிவித்து, தட்டிகளும் எழுதிக் கொண்டுவந்தார். 'சீரழிக்கப்பட்ட சகோதரிக்கு நீதி வேண்டும்.' சங்கு ஒவ்வொரு தட்டியையும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணே, செஞ்சவன் பேரு எங்க?"

அவர் கழுத்தைச் சொறிந்தார். "பேரு போட்டா பேச்சு முறிஞ்சிடும்மா. முதலாளிகிட்ட பேசி முடிச்சாச்சு. நீ வீட்லயே இரு, சம்பளம் வரும். அவரை மெதுவா மாத்திடுவாங்க."

"யாரைக் கேட்டு முடிச்சீங்க?"

"எல்லாம் உன் நல்லதுக்குத்தான்."

"அவனாவது வேத்தாளுண்ணே" என்றாள் சங்கு.

அண்ணன் தரையைப் பார்த்தார். தரை அன்று சுத்தமாகத்தான் இருந்தது.

அதற்குள் ஆலை வாசலில் முதலாளியின் கார் வந்து நின்றது. பாதிக்கப்பட்ட பெண் இப்படி வெளியே வந்து நிற்கலாமா என்று அவர் வருத்தப்பட்டார். குரலில் தேன் ஒழுகியது.

"பாதிக்கப்பட்டவளை வீட்டுக்கு அனுப்புறீங்க. செஞ்சவனை?" என்று கேட்டாள் சங்கு.

"விசாரணை நடக்கணும்ல?"

"எங்க நடக்குது? மேனேஜரு ரூம்லயா?" என்றாள் அக்கா.

முதலாளியின் தேன் வற்றியது. வேலைக்குத் திரும்பாதவர்கள் நாளைக்கு வரவே வேண்டாம் என்றார்.

யாரும் நகரவில்லை. அக்கா ஒரு தட்டியைக் கவிழ்த்துப் போட்டாள். போர்வைகளுக்கு அடையாளம் போடும் மையை எடுத்து வந்தாள். எத்தனை கொதியிலும் போகாத மை அது. மேனேஜரின் பேரையும் அவன் செய்ததையும் சங்கு சொல்லச் சொல்ல, பெரிய எழுத்தில் எழுதினாள்.

"உன்னை என்னன்னு போடட்டும்?"

"ஒண்ணும் போடாதீங்கக்கா. நான்தான் இங்கேயே நிக்கிறேனே."

எழுதி முடித்த தட்டி என் கைக்கு வந்தது. "பெருசு, வாயைத் திறந்துடாதீங்க. நீங்க சொன்னா இதையும் யாரும் நம்ப மாட்டாங்க" என்றாள் அக்கா.

வாயை மூடிக்கொண்டு பிடித்தேன். சங்கு வாசல் நடுவில் உட்கார்ந்தாள். அவளை ஒட்டி அக்கா, அக்காவை ஒட்டி இஸ்திரிக்காரர்கள், வண்டிக்காரர்கள். அண்ணன் எங்களுக்கும் காருக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தார். மேனேஜரின் அறைக் கதவு திறக்கவில்லை. ஈரப் போர்வைகள் உள்ளே மலையாகக் கிடந்தன. நாங்கள் எழுந்திருக்கவில்லை.