இன்னும் கெடவில்லை

பானெட் திறந்தபடி, எஞ்சின் முக்கால் மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தது. வண்டியை உச்சி வெயிலில் நிறுத்தச் சொன்னது மெக்கானிக்தான். டிரைவர் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து, ஏசிக் காற்று வரும் இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். விரல் மரத்துப்போகும் குளிர்.

"நல்லாத்தானே தம்பி இருக்கு," என்றார் மெக்கானிக். "நல்லா இருக்கிற வண்டியைக் கெட்டுப்போச்சுன்னு நான் எப்படி எழுதித் தர்றது?"

"நம்புங்கண்ணே. ஆளுங்களை ஏத்திக்கிட்டு டிராஃபிக்ல நின்னாப் போதும், வெறும் காத்துதான். அப்புறம் அதுவா சரியாயிடும். நேத்து மட்டும் மூணு தடவை."

கம்பெனி ஊழியர்களை வீட்டிலிருந்து ஏற்றிவரும் வண்டி அது. அவர்களில் மூன்று பேர் புகார் எழுதிக் கொடுத்திருந்தார்கள். காலையில் சூப்பர்வைசர் எல்லோர் எதிரிலும் கேட்டார்: "ஏசியை அணைச்சு மிச்சம் பிடிக்கிற டீசலை எங்கய்யா விக்கிறே?" ஒன்பது வருஷத்தில் ஒரு சொட்டு டீசல் அவன் வெளியே எடுத்ததில்லை. கோளாறு வண்டியில்தான் என்று சாயங்காலத்துக்குள் எழுதி வாங்கி வர வேண்டும். இல்லாவிட்டால் சாவியை வைத்துவிட்டுப் போகலாம்.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க ஆச்சு?"

"இன்னும் கெடல."

"கெட்டதும் சொல்லுங்க. எனக்கு இங்க கையும் ஓடல, காலும் ஓடல."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வண்டியைப் பார்த்தார். அப்போது எஞ்சின் பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம். டிரைவரின் உள்ளங்கையில் குளிர் மெல்ல வடிந்து, காற்று வெதுவெதுப்பானது.

"அண்ணே, நின்னுடுச்சு. நின்னுடுச்சுண்ணே." பிள்ளை பிறந்ததைச் சொல்பவன்போல அவன் கத்தினான்.

மெக்கானிக் குனிந்து டார்ச் அடித்தார். ஏசி கம்ப்ரசரின் முகப்புத் தட்டு சுற்றாமல் நின்றிருந்தது. கரண்ட் வருகிறதா என்று சோதித்தார், வந்தது. நீளமான குச்சி ஒன்றால் தட்டை லேசாகத் தொட்டுத் தள்ளினார். பட்டென்று ஒட்டிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது.

"கம்ப்ரசர் கிளட்ச், இந்தத் தட்டுதான், தேஞ்சு இடைவெளி ஜாஸ்தியாயிருக்கு. சூடு ஏறினா காந்தம் இழுக்க மாட்டேங்குது, ஆறினா இழுக்குது. உன் மேல ஒரு தப்பும் இல்ல தம்பி."

டிரைவர் இறங்கி, மனைவிக்குப் போன் போட்டு, "கெட்டுடுச்சு" என்றான்.

மெக்கானிக் தட்டைக் கழற்றி, இடைவெளி குறைய உள்ளேயிருந்த மெல்லிய வளையம் ஒன்றை எடுத்துவிட்டு மறுபடி மாட்டினார். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் வெயிலில் ஓடவிட்டும் குளிர் நிற்கவில்லை. விவரத்தைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கம்பெனி வாசலில் சூப்பர்வைசர் தாளைப் படித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"சரி, வண்டிக் கோளாறுதான். ஆனா மத்தியானமே வேற ஆள் பேரை மேல அனுப்பிட்டேன். இப்பப் போய் மாத்தினா என்னைத்தான் கேள்வி கேப்பாங்க."

"சாயங்காலம் வரைக்கும்னு சொன்னீங்களே சார்."

"எங்கயாவது ஆள் தேவைப்பட்டா முதல்ல உன்னைத்தான் கூப்பிடுவேன்."

புது டிரைவர் பக்கத்திலேயே காத்திருந்தார். சாவியை வாங்கும்போது கூச்சத்துடன் கேட்டார்: "ஏசி தகராறுன்னு சொன்னாங்களே?"

"இப்பச் சரியாயிடுச்சு. ரெண்டுல வச்சாலே போதும்."

புகார் எழுதிய மூன்று பேரும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். கண்ணாடிகள் மேலேறின. வண்டி வாசலைத் தாண்டித் திரும்பும்போது, உள்ளே அவர்களில் ஒரு பெண் துப்பட்டாவைத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொண்டு, முன்னால் சாய்ந்து புது டிரைவரிடம் ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டியபடி ஏசியைக் குறைத்தார்.