கசாயத்துக்கு வேப்பிலை

சம்பூர்ணத்தின் முகம் பிள்ளையார்பாளையத்துக்கே தெரிந்த முகம். அம்மை வார்த்து, முகமெல்லாம் தழும்பும் இடக்கண்ணில் பூவுமாக விட்டுப் போயிருந்தது. அதே வாரத்தில் அவளுடைய தலைச்சன் பெண்ணையும் கொண்டுபோயிற்று. அந்த முகத்தைத்தான் ரக்தாட்சி வருஷம் பங்குனியில் அவள் வீடுவீடாக எடுத்துக்கொண்டு போனாள். "என்னை நல்லாப் பார்த்துக்கோங்கம்மா. முனிசிபாலிட்டிக்காரர் அம்மை குத்த வராரு. குத்திக்கினா இந்தக் கதி வராது."

யார் கேட்பார்கள்? அம்மையாய் இறங்குகிற அம்மாவையே ஊசியால் குத்தித் துரத்துவதா என்றார்கள் கிழவிகள். கன்றுக்குட்டியின் சீழைக் குழந்தை ரத்தத்தில் கலக்கிறான் என்றார்கள் ஆண்கள், தறிக்குழியை விட்டு எழுந்திருக்காமலே. அடுத்த தெருவில் இரண்டு பிள்ளைகளை அம்மை கொண்டுபோன பிறகும் இந்தப் பேச்சு குறையவில்லை.

கடைசியில் எதிர்வீட்டு அங்கம்மாள்தான் வழி சொன்னாள். "யக்கா, நீ மொதல்ல உன் புள்ளைக்குக் குத்திக் காட்டு. அவன் நல்லாயிருந்தா நாங்க எல்லாரும் குத்திக்கிறோம். எங்க காந்தாவுக்குத்தான் அடுத்த ஊசி, போதுமா?"

அங்கம்மாள் சொன்னால் நம்பாமல் என்ன? மகள் காந்தா பிறந்தபோது அங்கம்மாளுக்குப் பால் சுரக்கவில்லை. தன் மகனுக்கு ஒரு பக்கம், காந்தாவுக்கு ஒரு பக்கம் என்று கொடுத்து வளர்த்தவள் சம்பூர்ணம். தெருவில் வேறு எந்தப் பிள்ளைக்கு என்ன வந்தாலும் தாங்குவாளோ என்னவோ, காந்தாவுக்கு ஒன்று என்றால் தாங்கமாட்டாள்.

மகனுக்குக் குத்த வைத்தாள். கை வீங்கிற்று, காய்ச்சல் அடித்தது. தெருப் பெண்கள் தினமும் வந்து எட்டிப் பார்த்தார்கள், இருக்கிறானா போனானா என்று. புருஷன் பரசுராமன் தறியில் உட்கார்ந்தபடி முறைத்த முறைப்பையும் பொறுத்துக்கொண்டாள். பொருக்கு உதிர்ந்து பையன் பழையபடி ஓடத் தொடங்கியதும் அங்கம்மாளே முன்னால் வந்து, "வியாழக்கிழமை அவரை வரச் சொல்லுக்கா" என்றாள்.

புதன்கிழமை சாயங்காலம் அங்கம்மாள் கொல்லைப் பக்கம் வந்தாள்.

"கொஞ்சம் வேப்பிலை வேணும்கா. புள்ளைங்களுக்குக் கசாயம் வெச்சுக் குடுக்கலாம்னு. வயித்துல பூச்சி இருந்தா ஊசி ஒத்துக்காதாமே?"

சம்பூர்ணத்துக்கு ஒரே பூரிப்பு. ஊசிக்காகப் பிள்ளைகளைத் தயார் செய்கிறார்களே! துரட்டியை எடுத்துத் தானே கிளைகிளையாக இழுத்துப் போட்டாள். "தெரு பூரா குடுடி, ஒருத்தரையும் விட்டுடாதே" என்று முந்தானை கொள்ளாமல் கட்டி அனுப்பினாள்.

மறுநாள் காலையில் அம்மை குத்துகிற ஆதிகேசவன் தகரப்பெட்டியோடு வந்தவர், தெருமுனையிலேயே சைக்கிளை விட்டு இறங்கி நின்றுவிட்டார். வீட்டுக்கு வீடு நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து. உள்ளே அம்மை போட்டிருக்கிறது, அந்நியர் நுழையக்கூடாது என்று அதற்கு அர்த்தம். கட்டாத வாசல் சம்பூர்ணத்துடையது ஒன்றுதான்.

"பொய்ங்க!" தெருமுனைக்கே வந்துவிட்டாள் சம்பூர்ணம். "நேத்து சாயந்திரம்கூட எல்லாப் புள்ளைங்களும் தெருவுல ஆடிக்கினு இருந்ததுங்க!"

"பொய்யோ நெஜமோ, வேப்பிலையைத் தாண்டினா என் தோலை உரிச்சுடுவாங்கம்மா. நான் என்னா பண்ணட்டும்?"

சம்பூர்ணம் எதிர்வீட்டுக்கு ஓடினாள்.

"உள்ள வராதேக்கா. அம்மா வந்திருக்காங்க." அங்கம்மாளின் குரல் மட்டும் வந்தது. அதற்குப் பின்னாலேயே காந்தாவின் சிரிப்பும் கேட்டது.

அந்தக் கொத்தைப் பிடுங்கி அவள் முகத்தில் அடிக்கவேண்டும் போலிருந்தது சம்பூர்ணத்துக்கு. வேண்டாம் என்று நேராகச் சொல்லித் தொலைத்திருக்கலாமே! என் பிள்ளையை விட்டு ஆழம் பார்த்துவிட்டு, என் மரத்திலேயே, என் கையாலேயே ஒடித்து வாங்கிக்கொண்டு போனாளே பாவி! ஆதிகேசவன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

இலை காய்ந்ததும் ஒவ்வொரு வீடாகக் கழற்றிக் குப்பையில் எறிந்தார்கள். அதற்கப்புறம் அங்கம்மாள் பேசவில்லை. மற்றவர்கள் இவளைக் கண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். காந்தா மட்டும் தத்தித் தத்தி வந்து அவள் மடியில் ஏறிக்கொள்ளும். இப்படியே தூக்கிக்கொண்டு போய்க் குத்திவிட்டு வந்துவிடலாமா என்று ஒருநாள் எழுந்தேவிட்டாள். பெற்றவளுக்குத் தெரியாமல் செய்தால், தானும் அவளைப் போலத்தானே என்று தோன்றவே உட்கார்ந்துவிட்டாள்.

சித்திரை வெயில் ஏறிய ஒரு பகலில் அங்கம்மாள் கொல்லை வேலிக்கு வெளியே வந்து நின்றாள். தலை வாரவில்லை. கிட்டேயும் வரவில்லை.

"யக்கா... கொஞ்சம் வேப்பிலை."

சம்பூர்ணம் துரட்டியை எடுத்தாள். காந்தா மடிக்கு வந்து இரண்டு நாளாயிற்று. கேட்கக்கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனாலும் கேட்டுவிட்டாள்.

"கசாயத்துக்கா, அங்கம்மா?"

அங்கம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு இல்லையென்று தலையாட்டினாள்.

சம்பூர்ணம் ஒடித்து வேலிக்கு மேலே நீட்டினாள். இந்தத் தடவை ஒரு கொத்து போதுமாயிருந்தது.