சுற்றி வந்த சுடுதண்ணீர்

நம் கட்டிடக்காரரிடம் அவர் கட்டிய வீட்டைக் குறை சொல்லிவிட்டால் மூக்குக்கு மேல் கோபம் வரும். அவர் குடியிருப்பதும் எட்டு வருடத்துக்கு முன் தானே கட்டிய வீட்டில்தான். ஹீட்டர் கண்ணை உறுத்தக்கூடாது என்று பின்பக்கச் சமையலறை மூலையில் ஒளித்து வைத்திருந்தார். குளியலறை மறுகோடியில்.

அந்த வாரம் மனைவி மகளைப் பார்க்கப் போயிருந்தாள். மனிதர் துண்டோடு போய்க் குழாயைத் திறந்தார். பச்சைத்தண்ணீர். பல் தந்தியடித்தது. வாளி நிரம்பி வழிந்த பிறகுதான் சூடு எட்டிப் பார்த்தது. ஹீட்டர் போச்சு என்று முடிவுகட்டி, குழாய் வேலை பார்க்கும் மனைவியின் தம்பியைக் கூப்பிட்டார்.

"ஹீட்டருக்கு ஒண்ணுமில்ல மாமா. சுடுதண்ணி வீட்டையே சுத்திப் பாத்துட்டு வருது. குழாய்ல நிக்கிற பச்சத்தண்ணி பூரா வெளிய போனாத்தானே அது வரும்?"

"எட்டு வருஷமா சூடாத்தானேடா குளிக்கிறேன்!"

"அக்கா முன்னாடியே சுடுதண்ணி புடிச்சு வெச்சா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான். வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. பக்கத்துத் தெருவில் அதே வரைபடத்தில் அவர் கட்டிக்கொண்டிருந்த ஆறு வீடுகள், மறுநாள் சுவர்ப்பூச்சு. பூசிவிட்டால் குழாய் சுவருக்குள் மறைந்துபோகும், ஆறு குடும்பமும் ஆயுசுக்கும் நல்ல தண்ணீரைச் சாக்கடைக்குத் தாரை வார்க்கும். நிறுத்தினாலோ, "என் வரைபடத்துல ஒரு கோடு மாத்த முடியாது" என்று கொத்தனார்களிடம் அடித்த பீற்றலெல்லாம் காற்றோடு போய்விடும்.

தலை துவட்டக்கூட இல்லாமல் வேலையிடத்துக்கு ஓடினார். "பூச்சை நிறுத்துங்கப்பா. தப்பு என்னுது."

ஆறு வீட்டிலும் ஹீட்டர் குளியலறைச் சுவருக்கு மறுபக்கமே வந்தது. குழாயைத் திறந்து பார்த்தார், ஒரு சொம்பு போவதற்குள் சூடு வந்துவிட்டது. சந்தோஷம் தாங்கவில்லை.

ஊரிலிருந்து வந்த மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். "நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே. குழாய்னா அப்படித்தான் வரும்னுட்டுப் பேப்பரைப் புரட்டுனீங்க."



மறுநாள் காலை சுத்தியல் சத்தம் கேட்டு அவள் எழுந்து வந்தாள். சமையலறை முழுக்கத் தூசி. ஹீட்டர் கழன்று தரையில் இருந்தது, சுவரில் பாதி உடைந்து கிடந்தது.

"இது என்னங்க?"

"முதல்லயே சரி செஞ்சிருக்க வேண்டிய வீடு," என்றார் தலை நிமிராமல்.

வேறு நாளாக இருந்தால் அந்தத் தூசிக்கு அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். இன்றைக்குப் பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போனாள். மனசு நிறைந்திருந்தது.