தாள் திருப்புகிறவர்

அந்த இசைக்குழுவை நடத்துபவர் மாட்டு டாக்டர். பகலெல்லாம் கன்றுகளுக்கு ஊசி போட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட ஹாலில் குச்சியைத் தூக்குவார். தீயணைப்புக்காரர் டிரம், பல் டாக்டர் புல்லாங்குழல், பேக்கரிக்காரர் செல்லோ. யாருக்கும் யாரும் சொந்தமில்லை. அதனாலேயே சண்டை சச்சரவில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நிம்மதியிலும் ஒரு நாள் மண் விழுந்தது. புதிதாகச் சேர்ந்த தபாலாபீஸ் அம்மாவை, விவரம் தெரியாமல், வயலின் வாசிக்கும் தையல்காரிக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார் டாக்டர். இருவருக்கும் ஒரே ஸ்டாண்டு, ஒரே நோட்டுத் தாள். வந்தவர் தையல்காரியின் அண்ணி. மூன்று வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது.

காரணம் அண்ணனின் வயலின். அவர் இறந்து ஒரு வாரம்கூட ஆகாதபோது இவள் போய் அதைக் கேட்டாள். தரமாட்டேன் என்றார் அண்ணி. வாசிக்கத் தெரியாதவங்களுக்கு வயலின் எதற்கு என்று இவளும் வாய்க்கு வந்ததைக் கொட்டிவிட்டு வந்தாள். அண்ணி இப்போது அதே வயலினோடு வந்திருந்தார். வீம்புக்காரி, கற்றுக்கொண்டேவிட்டாள்.

வாசிப்பு சுமார்தான். ஆனால் அந்த வயலினுக்கு அண்ணனின் குரல். கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் கனிவு. முதல் வாரம் தையல்காரிக்கு ஒரே வயிற்றெரிச்சல். மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை எப்போது வரும் என்றிருந்தது. சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டுவிடத் துடித்தாள். பக்கத்தில் உட்கார்ந்ததும் வில்லைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள்.

உள்பக்கம் உட்காருபவர்தான் தாள் திருப்ப வேண்டும் என்பது அங்கே வழக்கம். அங்கே உட்கார்ந்தது அண்ணி. ஒவ்வொரு பக்கம் முடியும்போதும் தாள் திருப்ப வில்லை நிறுத்துவார். அந்த நாலு விநாடியும் அண்ணன் இன்னொரு தரம் போய்விட்டது போலிருக்கும் இவளுக்கு.

கச்சேரி நாளில் ஹால் நிறைந்திருந்தது. கடைசிப் பாட்டு மெதுவானது. பக்கம் முடியப் போகிறது. அண்ணி வில்லை நிறுத்தப் போனார். தையல்காரி சட்டென்று தன் வாசிப்பை நிறுத்தி, எட்டித் தாளைப் பிடித்தாள். குச்சியை அசைத்தபடியே டாக்டர் முறைத்தார்.

"நிறுத்தாதீங்க அண்ணி," என்றாள் மெல்ல. "நீங்க வாசிங்க. நான் திருப்புறேன்."

அண்ணி தாளைப் பார்க்கவில்லை, இவளைத்தான் பார்த்தார். கண் கலங்கியதில் ஒரு சுரம் பிசகியது. ஆனாலும் வில் நிற்கவில்லை. தையல்காரிதான் தன் வில்லை மடியில் போட்டுக்கொண்டு, மீதிப் பாட்டு முழுக்க வாசிக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.